துளசித் தொட்டிக்குக் கீழே

அக்டோபர் 7, செவ்வாய்

இவர் இன்று இட்லியை இடது கையால் தானே சாப்பிடுவேன் என்று அடம். பாதி வாயில், பாதி சட்டையில். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து மூக்கில் குழாயோடு கிடந்தவர், இன்று அடம் பிடிக்கிறார். பிடிக்கட்டும். சட்டையைத் துவைக்க எனக்குக் கை இருக்கிறது.

மாடியில் குடியிருக்கும் எஸ்தர் உறைமோர் வாங்க வந்தாள். கணவன் குவைத்தில். இவள் ஐந்து வயது மகளை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினில் கல்யாண ரவிக்கைகளுக்குப் பூ போட்டுக் கொடுக்கிறாள். அம்பாசமுத்திரத்தில் பாதித் தையற்காரர்கள் இவளிடம்தான் வருகிறார்கள்.

"டீச்சர், பிரிட்ஜத் தொட்டா சுர்ருன்னு இழுக்கு. மெஷின்லயும் லேசா அடிக்கு."

"செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு" என்றேன்.

முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தியவள் சொல்லுகிற பதிலா இது? அந்த நேரத்தில் வேறு வரவில்லை.

சாயங்காலம் கடைத்தெருவில் வயர்மேன் சுடலைமுத்துவைப் பார்த்தேன். பதினைந்து வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்தவர். ஸ்கூட்டரை நிறுத்தி, "எர்த் குழிக்குத் தண்ணி விடுதியளா டீச்சர்? மழை தொடங்குற வரைக்கும் விடணும்லா" என்றார்.

"விடுறேன், விடுறேன்."

பொய் இல்லை. துளசிக்குத் தினமும் ஒரு குடம் விடுகிறேன், அதே மூலைதான்.

அக்டோபர் 8, புதன்

புழுக்கம். இவருக்கு வயிறு சரியில்லை. துளசிக்குத் தண்ணீர் விட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

நாலு மணிக்கு மலைப்பக்கம் கறுத்தது. துணி எடுக்க மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பின்வீட்டுத் தென்னையில் இறங்கியது இடி. கண் முன்னால் வெள்ளையாக ஒரு பொட்டு; அதன் பிறகு காது அடைத்துக்கொண்டது. தென்னை மண்டை கொட்டும் மழையிலும் எரிந்தது.

எஸ்தர் வீட்டிலிருந்து கருகிய நாற்றம். மெஷின் முன்னால் அவள் கையை உயர்த்தியபடியே நின்றாள். ஊசி ஒரு மயிலின் கழுத்தில் குத்தி நின்றுவிட்டது. மெஷினின் போர்டு போயிற்று. டிவி, மோடம் எல்லாம் போயிற்று. குழந்தை மூலையில் அழுதுகொண்டிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிய காரியம்.

கீழே எங்கள் டிவியும் போனது. இவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன். "ஒண்... ணும்... இல்ல" என்றார்.

எஸ்தர் இறங்கி வந்து, "தீவாளிக்கு நாப்பது ரவிக்க இருக்கு டீச்சர். மீட்டர்கிட்ட மின்னலுக்குன்னே பெட்டி மாட்டியிருக்குன்னு சொன்னியளே. அப்புறம் எப்படிப் போச்சு?" என்று கேட்டாள்.

அந்தப் பெட்டியைச் சுடலைமுத்துதான் வற்புறுத்தி மாட்டினார். மாட்டிய அன்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது: "தலை மேலயே விழுந்தா எதுவும் நிக்காது டீச்சர். பக்கத்துல விழுந்தா வயர்ல வாரத இந்தப் பெட்டி தூக்கி மண்ணுல போட்டுரும். ஆனா மண்ணுக்குப் போற வழி இருக்கணும். வழி இல்லன்னா இது வெறும் டப்பா."

எஸ்தரிடம், "சுடலைமுத்துவை வரச் சொல்லுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சுடலைமுத்து வந்தார். கையில் இரண்டு வயர் தொங்கும் டெஸ்ட் பல்பு. முதலில் பிளக் பாயிண்டில் இரண்டு கீழ் ஓட்டையிலும் வைத்தார், எரிந்தது. பிறகு ஒரு வயரை எடுத்து மேலே உள்ள பெரிய ஓட்டையில், அதாவது எர்த்தில், வைத்தார். எரியவில்லை. மாடி, சமையலறை, கூடம் எதிலும் எரியவில்லை.

பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எஸ்தர் அவரைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"எர்த்தை ஒழுங்காப் போடலையா சுடலைமுத்து?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "போட்டேன் டீச்சர். ஆறடிக் குழாய். கரியும் உப்பும் நீங்க பாக்கவே கொட்டினேன்" என்றார். நேராக வடகிழக்கு மூலைக்கு நடந்தார். அங்கே சிமெண்ட் மேடை. மேலே துளசித் தொட்டி.

"இது எப்ப வச்சிய?"

"ரெண்டு வருசம் ஆச்சு. இவருக்கு இருமலுக்கு வேணும்னு."

"நகத்திட்டு ஒடச்சுப் பாக்கணும்."

"இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. துளசியை அசைக்கக் கூடாது."

சொல்லிவிட்டேன். கிரகணத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்கு முறுக்கு கொடுத்துச் சாப்பிட வைத்தவள் நான். பல்லி விழுந்த பலன் பார்க்கிறவர்களை முகத்துக்கு நேரே கேலி செய்தவள். சுடலைமுத்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

அக்டோபர் 16, வியாழன்

சுருக்கமாக எழுதிவிடுகிறேன். சுடலைமுத்து வந்தார். துளசியை நகர்த்தினார். மேடையை உடைத்தார். குழாய் கிடைத்தது. எஸ்தர் பக்கத்திலேயே நின்றாள். அவர் குனிந்து வெகு நேரம் பார்த்தார். மண்ணைத் தள்ளி வயரின் முனையை விரலால் தடவினார். பிறகு நிமிர்ந்து, எஸ்தரிடம் சொன்னார்:

"துருப்பிடிச்சு அத்துப் போயிருக்கும்மா. நான் வருசா வருசம் வந்து பாத்திருக்கணும். என் தப்புதான்."

நான் காப்பி போட உள்ளே போனேன்.

திரும்பி வந்தபோது மண்ணை மூடிக்கொண்டிருந்தார். "இந்தக் குழாய் இனி ஆகாது. புதுசா குழி எடுக்கணும். எங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க, வாரேன். அதுவரைக்கும் இடி கேட்டா எல்லாப் பிளக்கையும் பிடுங்கிருங்க" என்றார். காப்பியைக் குடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் ஆறிக் கிடந்தது.

துளசியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 18, சனி

புதுக் கல்யாண மண்டபம் கட்டும் ஒப்பந்தக்காரர் நெல்லையப்பன் போன் செய்தார். இவருடைய தூரத்து உறவு. "சுடலைமுத்துக்கு வயரிங் குடுக்கலாம்னு இருந்தோம். உங்க வீட்டுல என்னமோ ஆயிட்டாம்லா. நீங்க பிசிக்ஸ் டீச்சர். நீங்க சொன்னாச் சரி" என்றார்.

பொதுவாகச் சொன்னேன்.

பொதுவாக என்றால், "யோசிச்சுக் குடுங்க" என்று சொன்னேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

இவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். அதிரசம் ஆறு நன்றாக வந்தது, மற்றவை கல்.

மாடிக்குக் கொண்டுபோனேன். எஸ்தர் பூ போடாத ரவிக்கைத் துணிகளை மடித்துப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். நேற்று ரவிக்கை கொடுத்திருந்த ஒருத்தி வாசலில் நின்று கத்தியது எனக்குக் கீழேயே கேட்டது. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க என்ன செய்விய டீச்சர்? நம்பின ஆளு இப்படிப் பண்ணிட்டாவ. உங்களுக்குந்தான் நஷ்டம்."

அதிரசத் தட்டை வைத்துவிட்டு இறங்கினேன். மூன்றாவது படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலி என்று எழுதலாம் என்று நினைத்தேன். முழங்கால் வலி இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

மண்டபத்து வயரிங் வேறு ஆளுக்குப் போய்விட்டது. காய்கறிக்காரி சொன்னாள். "சுடலமுத்து எர்த்தே போடாம எர்த் போட்டேன்னு ஏமாத்திட்டானாம்லா, உங்க வீட்டுல?" என்று என்னிடமே கேட்டாள். தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே நின்றேன். ஒரு கிலோ கேட்டதற்கு இரண்டு கிலோ வாங்கி வந்திருக்கிறேன்.

மூன்று மணிக்கு மறுபடி இடி. மாடியில் எஸ்தர் ஓடி ஓடிப் பிளக்குகளைப் பிடுங்குவது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. குழந்தையிடம், "பிரிட்ஜத் தொடாத, தொடாத" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை, அதில்கூட ஒளித்துக்கொண்டிருக்கிறேன்.

குழாய் துருப்பிடித்து அறவில்லை. நான்தான் அறுக்கச் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன், இவர் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் கையை விரிக்கவுமில்லை, நம்பிக்கை கொடுக்கவுமில்லை. ஆறாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நாத்தனார் ஒரு வாஸ்துக்காரரோடு வந்து நின்றாள். வேறு சமயமாக இருந்தால் வாசலிலேயே விரட்டியிருப்பேன். அந்த ஆள் வீட்டைச் சுற்றி வந்து, வடகிழக்கு மூலையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "ஈசானியம்மா. வாஸ்து புருஷன் தலை வைச்சுப் படுத்திருக்க இடம். இங்க கொண்டு ஆறடி இரும்ப அடிச்சு, உப்பும் கரியும் போட்டிருக்கிய. வீட்டுக்காரர் தலையில அடிக்காம வேற எங்க அடிக்கும்?"

இவருக்கு அடைப்பு மூளையில்தான்.

"அறுத்துருங்க" என்றேன். அவர் கூட்டி வந்த ஆள் ரம்பத்தால் குழாயை அறுத்தான், வயரைக் கத்தரித்து மடக்கினான், சிமெண்டைப் பூசினான். துளசி வைக்கச் சொன்னார், வைத்தேன். சுடலைமுத்துவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குத் தெரியும். ஆவுடை டீச்சரே வாஸ்து பார்த்தாளாம் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன்.

அறுத்த நாலாம் நாள் இவர் கண் திறந்தார். அதற்குப் பிறகு எர்த்தைத் திரும்பப் போட எனக்குத் தைரியம் வரவில்லை. மருந்துதான் காரணம் என்று தெரியும். தெரிந்து என்ன?

சுடலைமுத்து அந்த அறுத்த வாயைப் பார்த்தார். ரம்பம் பட்ட இரும்புக்கும் துரு தின்ற இரும்புக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? பார்த்துவிட்டுத்தான் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். என்மேல் உள்ள மரியாதையில் செய்தார் என்று பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் சாப்பாடு இறங்குகிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் இவரிடம் சொன்னேன். முதலில் இவரிடம் சொல்லிப் பழகிக்கொள்ளலாம் என்ற கோழைத்தனம்தான்.

வாய் கோணச் சிரித்தார். சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. பிறகு, "பைப்பு... இல்ல. பிரஷர் மாத்திர. ரெண்டு மாசம்... போடல. ஜன்னல் வழியா... எறிஞ்சேன்" என்றார்.

மருதாணிச் செடிக்கு அடியில் வெள்ளை மாத்திரைகள் கிடந்ததை அப்போது பார்த்திருக்கிறேன். எஸ்தர் வீட்டுக் குழந்தை கொட்டிய மிட்டாய் என்று பெருக்கித் தள்ளினேன். கோபம் வந்தது. அழுகையும் வந்தது. நாலு வார்த்தை திட்டிவிட்டு, சுடலைமுத்து வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர் மனைவி நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதும் சொன்னேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பழைய மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சும் ஏன் உங்க தப்புன்னு சொன்னிய? என்மேல உள்ள மரியாதைக்காகவா?"

ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"மரியாதைக்கு இல்ல. உங்களுக்கு வழி விட்டேன். நான் தப்ப ஏத்துக்கிட்டா, 'இல்லப்பா, நாந்தான்'னு ஒரு வார்த்த சொல்லுவியன்னு நெனச்சேன். சொல்லுவியன்னுதான் நின்னேன். நீங்க காப்பி போட உள்ள போயிட்டிய."

அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"காப்பி வர்ற வரைக்கும்கூட நின்னேன் டீச்சர்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க" என்றார்.

அக்டோபர் 29, புதன்

மண்டபத்துக்குப் போனேன். கம்பி கட்டுகிறவர்கள், கொத்தனார்கள் எல்லாரும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் நெல்லையப்பனிடம் சொன்னேன். சுடலைமுத்து போட்ட எர்த் சரியாக இருந்தது, வாஸ்து பார்த்து அறுத்தது நான், போனில் உங்களிடம் சொன்னது தப்பு. மூன்றையும் சொன்னேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அறுத்தப்புறம் சித்தப்பா எந்திரிச்சிட்டாவளா?"

"நாலாம் நாள் கண் திறந்தாங்க. ஆனா அது..."

"அந்த ஆளு நம்பர் இருக்கா டீச்சர்? நம்ம மண்டபத்துலயும் எர்த் குழி ஈசானியத்துலதான் வருது."

கொத்தனார்கூட வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எஸ்தரின் மெஷின் எரிந்ததைச் சொன்னேன். அவர் கையை விரித்தார். "மெஷினு போனாப் போவுது. மனுசன் பொழச்சாவல்லா."

இரண்டு வருடமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே வாக்கியம். அடுத்தவர் வாயில் கேட்டபோது எவ்வளவு அசிங்கமாக இருந்தது.

"நாளைக்கு உங்க மண்டபத்துல ஆயிரம் பேர் உட்காருவாங்க. மிக்ஸி, கிரைண்டர், ஈரத்தரை. எர்த் இல்லாம ஒரு பிள்ளை செத்தா அந்த வாஸ்துக்காரரா வந்து தூக்குவார்? நம்பர் தர மாட்டேன். சந்தேகம்னா சுடலைமுத்துவைக் கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன். வகுப்பில் பேசுகிற குரல் வந்துவிட்டது. கேட்கிறேன் என்றார். வேலையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. வேறு ஆள் தொடங்கியாயிற்றாம்.

எஸ்தரிடம் சாயங்காலம் சொன்னேன். நெல்லையப்பனிடம் சொன்னதைவிட நூறு மடங்கு கஷ்டம். அவள் குழந்தைக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். பின்னல் நின்றது.

"பிரிட்ஜு அடிக்குன்னு அன்னைக்கே சொன்னேனே டீச்சர். செருப்பு போடச் சொன்னிய."

"ஆமா."

"எம்பிள்ள வெறுங்காலோடதான திறப்பா."

மெஷினுக்குப் புது போர்டு நான் போட்டுத் தருகிறேன் என்றேன். "போட்டுத் தாங்க" என்றாள். நன்றி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. வேறு வீடு பார்ப்பாளோ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 1, சனி

சுடலைமுத்துவுக்கு நேற்று போன் செய்தேன். இன்று கடப்பாரை, புதுக் குழாய், கரி மூட்டை, உப்பு மூட்டை எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். எஸ்தர் மாடிப்படியில் குழந்தையோடு நின்றாள். இவர் தடியை ஊன்றி வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்க போடட்டும் டீச்சர்? பழைய இடத்துலயா?"

வடகிழக்கு மூலையைப் பார்த்தேன். மாத்திரை, ஜன்னல், மருதாணிச் செடி எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த மண்ணில் கடப்பாரை விழும் என்று நினைத்ததும் திரும்பி இவரைப் பார்த்தேன். பிசிக்ஸ் டீச்சர் மாதிரி, "அங்கேயே போடுங்க" என்று சொல்லிவிடலாம். எல்லாரும் பார்க்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லிவிட்டு, ராத்திரி இவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் மறுபடி அறுப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

"அங்க வேண்டாம்" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சுடலைமுத்து முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்ப தென்கிழக்குல போட்டுருவோம். ஈரமும் இருக்கு. கரண்டுக்கு மண்ணு கெடச்சாப் போதும், மூலை பாக்காது" என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்தார். முதல் போடு போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அன்னைக்கும் இதத்தான் செஞ்சிருப்பேன். ஒரு போனு டீச்சர். ஒரு நாள் வேலை."

மூன்று மணிக்குக் குழி மூடி, மீட்டர் பெட்டி வரை புது வயர் இழுத்து, டெஸ்ட் பல்பை எடுத்தார். பிரகாசமாக எரிந்தது. கூடத்தில், சமையலறையில், மாடியில் எல்லாம் எரிந்தது. எஸ்தர் செருப்பைக் கழற்றிவிட்டு, பிரிட்ஜின் மேல் முதலில் ஒரு விரலை வைத்தாள். பிறகு உள்ளங்கை முழுவதையும் வைத்தாள். "இழுக்கல அண்ணே" என்று சுடலைமுத்துவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

காப்பி கொடுத்தேன். முன்கூட்டியே போட்டுப் பிளாஸ்கில் வைத்திருந்தேன், இடையில் உள்ளே போகாமல் இருக்க. பாதி குடித்தார்.

அவர் போன பிறகு எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் விட்டேன்.